குடியிருப்பவரும் உடைமையாளரும்: நியூயார்க்கின் குறுங்கால வாடகை விதிகள்

நியூயார்க் நகரில் வீட்டை முப்பது நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவோர் பதிவு எண் பெற்றாக வேண்டும் என்பது 2023 செப்டம்பர் 5 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவுக் கட்டணம் 145 டாலர். வாடகைக்கு விடுபவர் அந்த வீட்டிலேயே நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டும். விருந்தினர் தங்கும் நாள்களில் அவரும் உடனிருக்க வேண்டும். இருவருக்கு மேல் தங்கவைக்கக் கூடாது. இவற்றைக் கட்டாயமாக்கிய 2022ஆம் ஆண்டின் 18ஆம் உள்ளாட்சிச் சட்டத்தைச் சொத்துரிமையின் மீதான கைவைப்பு என்று வீட்டுக்காரர்கள் சாடினர். வீட்டுத் தட்டுப்பாட்டுக்கு மருந்து என்று ஆதரவாளர்கள் மெச்சினர். இரு தரப்பும் சட்டத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்றே கருதுகிறேன். வீடு யாருக்குச் சொந்தம் என்பதில் இச்சட்டத்துக்கு அக்கறை குறைவு. அங்கே யார் குடியிருக்கிறார் என்பதே அதன் அடிப்படைக் கேள்வி. அதன் வலிமையும் குறையும் இந்தக் கேள்வியிலிருந்தே வருகின்றன.

தடை புதியதும் அன்று. மூன்றும் அதற்கு மேலும் குடித்தனங்கள் உள்ள கட்டடங்களில் முழு வீட்டை முப்பது நாளுக்குக் குறைவாக விடுவதை மாநிலத்தின் பல்குடியிருப்புச் சட்டத்துக்கான 2010ஆம் ஆண்டுத் திருத்தமே தடுத்துவிட்டது. ஆனாலும் பதின்மூன்று ஆண்டுகள் வாடகை விளம்பரங்கள் தொடர்ந்து வந்தன. புகார் வந்த பிறகு ஆய்வாளர் கதவைத் தட்டுவதற்குள் விருந்தினர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருப்பார். இடையில் நகராட்சி வேறு வழி தேடியது: இவ்விளம்பரங்களை வெளியிடும் இணையத் தளங்கள் வாடகைக்கு விடுவோரின் விவரங்களை மாதந்தோறும் ஒப்படைக்க வேண்டும் என்று 2018இல் சட்டம் இயற்றியது. காரணமற்ற சோதனையைத் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்தைச் சுட்டி, கூட்டாட்சி நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை நிறுத்திவைத்தது.

18ஆம் சட்டம் இந்தத் தோல்வியிலிருந்து பாடம் கற்றது. விவரங்களைத் திரட்டி மீறலைத் தேடுவதை அது முதன்மை வழியாகக் கொள்ளவில்லை. பதிவு எண்ணைச் சரிபார்க்காமல் தளம் பணப் பரிமாற்றத்தையே நடத்தக் கூடாது என்றது. மீறினால் 1,500 டாலர் அல்லது பெற்ற கட்டணத்தின் மும்மடங்கு, இவற்றில் எது அதிகமோ அதுவரை தளத்துக்கு அபராதம். ஏர்பிஎன்பி தளம் தொடுத்த வழக்கை மாநில நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. சுமார் 22,000 குறுங்கால விளம்பரங்கள் இருந்த நகரில் அவை சில ஆயிரங்களாகச் சுருங்கின. மிகப் பல முப்பது நாள் வாடகைக்கு மாறிக்கொண்டன. தடையின் சாரம் மாறவில்லை, அதைச் செலுத்தும் இடம் மட்டும் படுக்கையறை வாசலிலிருந்து பணப்பெட்டிக்கு நகர்ந்தது.

இனி அடிப்படைக் கேள்விக்கு வருவோம். பதிவு எண் கேட்பவர் உடைமையாளராக இருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் இடம் கொடுத்தால் வாடகைதாரரும் கேட்கலாம். கட்டட உடைமையாளர் விரும்பினால் தம் கட்டடத்தைத் தடைப் பட்டியலில் சேர்த்து அதற்கு வழியடைக்கலாம். உள்ளறைகளுக்குப் பூட்டுப் போட்டு விருந்தினரைப் பிரித்துவைக்கக் கூடாது என்ற விதி வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது: நிரந்தரமாகக் குடியிருப்பவரின் குடித்தனத்துக்குள் வந்து தங்குபவரை மட்டுமே சட்டம் ஏற்கிறது. நம்மூரில் 'ஹோம்ஸ்டே' பலகையைப் பார்த்துப் போனால், வீட்டார் யாரும் இல்லாமல் காவலாளி சாவியை நீட்டும் அனுபவம் பலருக்கும் இருக்கும். நடுவண் சுற்றுலா அமைச்சகத்தின் திட்டமும் உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. சொல் ஒருபுறம், வீடு ஒருபுறம்.

குடியிருப்பையும் உடைமையையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நியூ ஆர்லியன்ஸ் காட்டியது. அந்நகரம் குடியிருப்புப் பகுதிகளில் உரிமம் பெற உடைமையாளரே அங்கு வசிக்க வேண்டும் என்று விதித்தது. வெளிமாநில உடைமையாளர்களைப் பாகுபடுத்தி மாநிலங்களுக்கிடையிலான வணிகத்துக்குத் தடையிடுகிறது என்று ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் அதைச் செல்லாதாக்கியது. மறு ஆண்டு திருத்திய விதி 'நடத்துபவர்' அங்கு வசிக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. ஒரு சொல்லில்தான் மாற்றம், சட்டத்தில் அது பெரிய தூரம்.

வாடகை குறையும் என்ற நம்பிக்கையைப் பொறுத்தவரை நான் ஐயவாதி. பாரன், குங், புரோசெர்பியோ ஆகிய ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பகுதியில் விளம்பரங்கள் 1 விழுக்காடு கூடினால் வாடகை 0.018 விழுக்காடு கூடுகிறது என்று கணித்தது. சொந்த வீட்டில் குடியிருப்போர் மிகுந்த பகுதிகளில் இந்த விளைவு குறைவு என்பது அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு. ஏறத்தாழ 37 லட்சம் வீடுகள் உள்ள நியூயார்க்கில், 2023 கணக்கெடுப்பின்படி வாடகை வீடுகளில் காலியானவை 1.41 விழுக்காடே, 1968க்குப் பின் இவ்வளவு குறைந்ததில்லை. இத்தனை பெரிய பள்ளத்தை இருபதாயிரம் விளம்பரங்களை நீக்கி நிரப்ப முடியாது.

சட்டத்தின் குறை வேறிடத்தில் இருக்கிறது. குயின்ஸ், புரூக்ளின் பகுதிகளில் இருகுடித்தன வீடுகள் ஏராளம். கீழ்த்தளத்தில் உரிமையாளர் குடியிருந்தாலும் காலியான மாடியைக் குறுங்கால வாடகைக்கு விட முடியாது. மாடி வேறு குடியிருப்பு, அங்கே அவர் 'இல்லை'. விருந்தினரின் காலடி ஓசை கூரை வழியாகக் கேட்கும் மனிதரைச் சட்டம் வெளியூர்க்காரராகக் கணக்கிடுகிறது. 2024 நவம்பரில் நகர மன்றத்தில் வந்த மசோதா, ஒருகுடித்தன, இருகுடித்தன வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லாதபோதும் விடலாம் என்று கேட்டது. அது மிகை, உடனிருத்தல் என்ற அடித்தூணையே அது பிடுங்குகிறது. கீழே உரிமையாளர் இருக்கும் நாள்களில் இரு தளங்களையும் ஒரே குடித்தனமாகக் கொள்வது போதும்.

அந்த மாடி நீண்டகால வாடகைக்குப் போகாதே என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கு நாள் வரம்பு வைக்கலாம். முழு வீட்டைத் திட்ட அனுமதியின்றி ஆண்டுக்கு 90 இரவு வரை விடலாம் என்று லண்டனில் 2015 முதல் விதி இருக்கிறது. இரவுகளை எண்ணப் பதிவு முறை இல்லாததால் அங்குள்ள உள்ளாட்சிகள் அதைச் செயல்படுத்தத் திணறின. நியூயார்க்கில் ஒவ்வொரு பணப் பரிமாற்றமும் ஏற்கெனவே ஒரு பதிவு எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. இரவுகளையும் அதே கணக்கில் எழுத வேண்டியதுதான் பாக்கி.