தராசில் ஏறாத முரசு

1948-இல் இங்கிலாந்தின் லீமிங்டன் ஸ்பாவில் நடந்த ஆஸ்லிப் மாநாட்டில், நூலகப் பணியைப் புள்ளியியலால் அளக்க வேண்டும் என்றார் ஒரு சீர்காழிக்காரர். அந்தத் துறைக்கு ‘லைப்ராமெட்ரி’ என்று பேரும் வைத்தார். அவர் எஸ். ஆர். அரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். ‘பிப்ளியோமெட்ரிக்ஸ்’ என்ற சொல் வந்ததே 1969-இல்தான்.

உலகம் பிடித்துக்கொண்டது யூஜின் கார்ஃபீல்டின் வழியை. 1955-இல் அவர் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய யோசனை, 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையாக வெளிவந்தது. ஒரு கட்டுரையைப் பின்னால் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று தேட உதவிய கருவி, மெல்ல மெல்ல எடை போடும் தராசானது. 2005-இல் ஹிர்ஷின் எச்-இண்டெக்ஸ் ஓர் ஆய்வாளரின் மொத்த உழைப்பையும் ஒரே எண்ணில் அடக்கிவிட்டது. எச் 20 என்றால், தலா 20 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட 20 கட்டுரைகள் அவருக்கு உண்டு.

கோலா குபு பாரு பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இது பழைய கதை. ரப்பர்ப் பாலை வெறும் எடைக்கு வாங்கினால் தண்ணியும் சேர்ந்து எடையேறும். அதனால்தான் மெட்ரோலாக்கை விட்டு, பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்த்தார்கள். மேற்கோளிலும் தண்ணி கலக்கலாம்: தன்னைத் தானே காட்டலாம், கூட்டாளிகள் மாற்றி மாற்றிக் காட்டலாம்.

கணினித்துறையில் சிக்கல் இன்னும் அதிகம். முக்கியமான ஆய்வுகள் பல மாநாடுகளில்தான் வருகின்றன. மென்பொருளோ கட்டுரையே இல்லாமல் ஊரெல்லாம் ஓடும். தரவிறக்கம், பகிர்வு, சேமிப்பு எல்லாவற்றையும் எண்ணுவோம் என்று 2010-இல் ஜேசன் பிரீமும் சகாக்களும் ‘ஆல்ட்மெட்ரிக்ஸ்’ அறிக்கை வெளியிட்டார்கள். நல்ல திருத்தம்தான், ஆனால் பகிர்வையும் காசு கொடுத்துப் பெருக்கலாம்.

நம்ம முத்து நெடுமாறன் 1980-களில் தொடங்கிய முரசையும், பிறகு கைப்பேசிக்கு வந்த செல்லினத்தையும் எந்தத் தராசில் வைப்பது? ஒரு பாட்டி பேரனுக்குப் புலனத்தில் தமிழில் அனுப்பும் நாலு வரி, மேற்கோளிலும் ஏறாது, பகிர்விலும் ஏறாது.

இதை வெறும் கணக்குப் பிரச்சினை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. தமிழ்ப் பேச்சறிதலில் முதுகலை செய்யலாமே என்றால், “அத யாரு சைட் பண்ணுவா?” என்று கேட்கிறார்கள் என் வயதுக்காரர்கள். அளவுகோல் செய்த வேலையை மட்டும் அளக்கவில்லை. செய்யப்போகும் வேலையையும் அதுதான் தீர்மானிக்கிறது.

அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகள் பயன்பாட்டிலிருந்துதான் தொடங்குகின்றன. அளப்பதைப் பற்றி அவர் பேசியது அதற்குப் பதினேழு வருஷம் கழித்து. அந்த வரிசைதான் சரி என்று நினைக்கிறேன்.