ஹூக்ளிக் கரையில் ஒரு பொதுக் குடும்பம்: செராம்பூர் மிஷனின் வீடும் அச்சுக்கூடமும்

கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்த செராம்பூர், தரங்கம்பாடியைப் போலவே டென்மார்க் அரசின் வணிகக் குடியேற்றமாக விளங்கி, 1845-ல் தரங்கம்பாடியோடு சேர்த்தே ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட ஊர். கிறிஸ்தவ ஊழியர்கள் தன் எல்லைக்குள் தங்குவதைக் கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பாத காலத்தில், டேனியக் கொடியின் நிழல் கிடைத்த ஒரே காரணத்தால், பாப்டிஸ்ட் மிஷன் 1800 ஜனவரியில் அங்கே குடியேறியது. பாப்டிஸ்டுகள் என்போர், குழந்தைகளுக்கு அன்றி, விசுவாசத்தைத் தாமே அறிந்து அறிக்கையிடும் வயதினருக்கு மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் சீர்திருத்தச் சபையினர் ஆவர். வில்லியம் கேரி, ஜோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு என்னும் மூவரின் பெயரால் அறியப்படும் இந்த மிஷன், நாற்பதை ஒட்டிய மொழிகளில் வேதாகமத்தை முழுமையாகவோ பகுதியாகவோ அச்சிட்டதையும், வங்காளி உரைநடைக்கு அடித்தளம் இட்டதையும் வரலாறுகள் விரிவாகவே பேசியுள்ளன. அந்த அச்சுப்பணி ஒரு கூட்டுக் குடும்பத்தின் சமையலறைக்கும் நோயாளியின் பூட்டிய அறைக்கும் இடையில் நடந்த பணி என்பதும், அதன் விலையில் பெரும்பங்கைச் செலுத்தியவர்கள் அதைத் தாமாகத் தேர்ந்துகொள்ளாதவர்கள் என்பதும் அவ்வளவு விரிவாகப் பேசப்படவில்லை.

கேரி 1761-ல் நார்த்தாம்ப்டன்ஷயரில் பிறந்து, செருப்புத் தைக்கும் தொழில் கற்று, தொழிற்பட்டறையிலேயே லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் பயின்று, கிராமத்துச் சபையொன்றின் போதகரானவர். 1781-ல் அவர் மணந்த டாரத்தி பிளாக்கெட் அவரைவிட மூத்தவர்; கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்திடத் தெரியாமல் சிலுவைக் குறி இட்டவர். கேரியின் தூண்டுதலால் 1792 அக்டோபரில் கெட்டரிங் நகரில் ஒரு மிஷனரி சங்கம் 13 பவுண்டு சொச்சத்தை மூலதனமாகக் கொண்டு தொடங்கப்பட்டபின், முதல் ஊழியராக அவரே இந்தியாவுக்குப் புறப்படுவது என முடிவாயிற்று. அந்த முடிவில் டாரத்திக்குப் பங்கில்லை. அவர் கர்ப்பிணியாக இருந்தார். ஏற்கெனவே இரு பெண் குழந்தைகளைப் பறிகொடுத்திருந்தார். வர முடியாது என்று மறுத்தார். மூத்த மகன் ஃபீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு கேரி கப்பலேறினார். ஆனால் அனுமதிச் சீட்டு இல்லாததாலும், உடன்வந்த மருத்துவர் ஜான் தாமஸின் கடன்காரர்களாலும் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டார். அந்தத் தாமதமே டாரத்தியின் வாழ்வைத் திருப்பியது. பிரசவமாகிச் சில வாரங்களே ஆகியிருந்த அவரைத் தாமஸ் மீண்டும் மீண்டும் வற்புறுத்த, தங்கையும் உடன்வந்தால் வருவதாக ஒப்புக்கொண்டு, கைக்குழந்தையோடு 1793 ஜூனில் டேனியக் கப்பலொன்றில் ஏறினார்.

அந்த ஒப்புதலைச் சமர்ப்பணம் என்று எழுதிய பழைய வரலாற்றாசிரியர்கள் அவருக்கு நன்மை செய்யவில்லை. பயந்துபோன ஒரு தாய் சுற்றி நின்றோரின் நெருக்குதலுக்கு இணங்கினார் என்று எழுதுவதே நேர்மையானது.

வங்காளத்தில் தொடக்கக் காலம் வறுமையிலும் இடமாற்றத்திலும் கழிந்தது. சுந்தரவனத்தை ஒட்டிய பகுதியில் சில மாதங்கள் தங்கிய குடும்பம், 1794-ல் மால்டா வட்டாரத்து முத்னாபாட்டியில் இருந்த அவுரி ஆலைக்கு, அதாவது அவுரிச் செடியிலிருந்து நீலச் சாயம் எடுக்கும் ஆலைக்கு, கேரி மேலாளராக அமர்ந்தபின்பே நிலைபெற்றது. அங்கே அதே ஆண்டில் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பால் இறந்தான். அந்நியரின் பிணத்தைத் தொடுவது சாதிக்கு இழுக்கு என்று ஊரார் அஞ்சியதால் குழிவெட்டவும் பெட்டியைச் சுமக்கவும் ஆள் தேடுவதே பெரும்பாடாயிற்று. டாரத்தியின் மனநோய் முற்றியது அதற்குப் பின்னரே. கணவர் பிற பெண்களோடு தொடர்புடையவர் என்ற அசைக்க முடியாத மனத்திரிபு அவரைப் பற்றிக்கொண்டது. வேலைக்காரர் முன்னிலையிலும் தெருவிலும் பின்தொடர்ந்து வசைபாடினார். கத்தியால் தாக்கவும் முயன்றார். 1807 டிசம்பரில் அவர் இறக்கும்வரை ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள், பெரும்பாலும் அடைக்கப்பட்ட அறையிலேயே அவர் காலம் கழிந்தது. அடுத்த அறையில் கேரி பண்டிதர்களோடு அமர்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பொறுமையை வியப்பது எளிது. வீட்டு நடப்பிலிருந்து விலகி நிற்க மொழிப்பணி அவருக்கு ஒரு புகலிடமாகவும் பயன்பட்டது என்பதை அவருடைய வாழ்க்கையைப் படிப்போர் தவிர்த்துவிட முடியாது. கண்டிப்பாரின்றி வளர்ந்த பிள்ளைகளைச் செராம்பூருக்கு வந்தபின் வார்டும், மார்ஷ்மனின் மனைவி ஹன்னாவும் கையில் எடுத்துக்கொண்டனர்.

1799 அக்டோபரில் மார்ஷ்மன், வார்டு முதலியோர் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய அந்த மாதத்திலேயே உடன்வந்த வில்லியம் கிராண்ட் காய்ச்சலில் இறந்தார். இரண்டே ஆண்டுகளுக்குள் சகஊழியர்களான ஃபவுண்டன், பிரன்ஸ்டன், மருத்துவர் தாமஸ் ஆகியோரும் இறந்தனர். விதவைகளும் குழந்தைகளும் மிகுந்த ஒரு கூட்டத்தைத் தனித்தனி வீடுகளாக நடத்துவது இயலாத காரியம். எனவே மொரேவியச் சகோதரர் என்னும் ஜெர்மானியச் சபையாரின் முறையைத் தழுவி, எல்லாரும் ஒரே வளாகத்தில் தங்கி, ஒரே பந்தியில் உண்டு, ஈட்டியதையெல்லாம் பொதுப் பணப்பெட்டியில் சேர்த்து, கைச்செலவுக்குச் சிறு தொகை மட்டும் பெறுவது என்று விதித்துக்கொண்டனர். வீட்டு நிர்வாகம் முறைவைத்து மாறியது. சனிக்கிழமை மாலைகளில் கூடி, அந்த வாரத்தில் எழுந்த மனத்தாங்கல்களைப் பேசித் தீர்த்தனர்; அப்படி ஒரு கூட்டம் தேவைப்பட்டதே அந்த வளாகத்தின் இயல்பைச் சொல்லும். ஃபவுண்டனின் விதவையை வார்டு 1802-ல் மணந்தார்.

பொதுப்பெட்டியை நிரப்பியவை மூன்று வருவாய்கள். கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் 1801 முதல் வங்காளி கற்பித்த கேரிக்குத் தொடக்கத்தில் மாதம் 500 ரூபாயும், பேராசிரியரான பின் 1000 ரூபாயும் கிடைத்தன. அச்சுக்கூடம் வெளியார் வேலைகளால் ஈட்டியது. மூன்றாவது, ஹன்னா மார்ஷ்மன் தம் கணவரோடு 1800-ல் தொடங்கிய உறைவிடப் பள்ளிகள். ஐரோப்பியக் குடும்பங்களின் பிள்ளைகள் கட்டணம் செலுத்திப் படித்த இப்பள்ளிகளின் வரவு, பேராசிரியர் சம்பளத்திற்குக் குறைவில்லாமல் மிஷனைத் தாங்கியது. பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்று ஆறு பேரை மட்டுமே வளர்த்தெடுத்த ஹன்னா, பள்ளி, பந்தி, நோயாளிகள், கேரியின் தாயற்றவர் போன்ற பிள்ளைகள் என எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். மூவர் என்று எண்ணப்படும் செராம்பூர்க் குழுவை நால்வர் என்று எண்ணுவதே கணக்குக்குச் சரி.

1800 டிசம்பர் 28-ஆம் நாள் இக்குடும்பத்தின் இயல்பை ஒரே காட்சியில் அடக்குகிறது. கை மூட்டு பிசகித் தாமஸிடம் சிகிச்சை பெற்று, அதன்வழியே கிறிஸ்தவத்துக்கு வந்த கிருஷ்ணபால் என்னும் தச்சருக்கும், தம் மகன் ஃபீலிக்ஸுக்கும் அன்று கேரி ஹூக்ளியில் ஞானஸ்நானம் கொடுத்தார். ஏழு ஆண்டு உழைப்பின் முதல் பலன் அது. ஆனால் கேரிக்கு முன்பே வங்காளத்துக்கு வந்து, பதினேழு ஆண்டுகளாக அந்நாளுக்காகக் காத்திருந்த தாமஸ், மகிழ்ச்சி மிகுதியால் சித்தம் கலங்கி ஓர் அறையில் அடைக்கப்பட்டிருந்தார். மற்றோர் அறையில் டாரத்தி. ஆற்றங்கரையில் பாட்டும் ஜெபமும் நடக்க, பின்னாலிருந்து அவ்விருவரின் கூச்சலும் கேட்டுக்கொண்டிருந்தது.

படைப்புப் பணியும் இத்தகைய கூட்டு உழைப்பே. அன்றைய எழுத்து வார்ப்பில், எஃகுக் கம்பியின் நுனியில் எழுத்தைத் தலைகீழாகச் செதுக்கி, அதைச் செப்புத் துண்டில் அடித்து அச்சுக்குழி உண்டாக்கி, அக்குழியில் உருகிய ஈயக்கலவையை ஊற்றி எழுத்துகளை எடுத்தனர். கூட்டெழுத்துகள் மலிந்த வங்காளி, தேவநாகரி வரிவடிவங்களுக்கு நூற்றுக்கணக்கான கம்பிகளைச் செதுக்க வேண்டியிருந்தது. கருமான் குலத்தில் பிறந்து, சார்லஸ் வில்கின்ஸிடம் இக்கலையில் தேர்ந்த பஞ்சானன் கர்மகார் இதைச் செய்தார். அவருக்குப்பின் மருமகன் மனோகர் தொடர்ந்தார். 1801-ல் வங்காளிப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அதே ஆண்டில், கேரியின் முன்ஷியான, அதாவது மொழியாசிரியரான, ராம்ராம் பாசு எழுதிய ராஜா பிரதாபாதித்யரின் சரித்திரம் அச்சேறி, வங்காளி ஒருவர் எழுதி அச்சில் வந்த முதல் உரைநடை நூலாயிற்று. மிருத்யுஞ்ஜய வித்யாலங்காரர் முதலிய பண்டிதர்களின் துணையின்றிக் கேரியின் மொழிபெயர்ப்புகள் ஒரு பக்கமும் நகர்ந்திரா. மேலும், சமஸ்கிருதத்தை அடிப்படையாக வைத்து விரைவில் ஆக்கப்பட்ட பல மொழிபெயர்ப்புகள் அந்தந்த மொழியாரின் நாவுக்கு ஒட்டவில்லை என்பதையும், எண்ணிக்கை காட்டும் ஆர்வம் தரத்தை முந்திக்கொண்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. காலத்தால் நின்றவை கேரியின் இலக்கணங்களும் வங்காளி அகராதியுமே. காகிதத்துக்கும் அவர்கள் தாமே வழிதேடினர்: செல்லரிக்காத காகிதம் செய்ய ஆலை அமைத்து, அதை ஆட்கள் மிதித்துச் சுழற்றும் சக்கரத்தால் ஓட்டினர். அதில் சிக்கித் தொழிலாளி ஒருவர் உயிரிழந்த பின், 1820-ல் இங்கிலாந்திலிருந்து நீராவி இயந்திரம் வரவழைக்கப்பட்டது.

1812 மார்ச் 11 மாலை, காகிதக் கிடங்கில் பற்றிய நெருப்பு சுமார் 200 அடி நீளமுள்ள அச்சுக்கூடத்தை நள்ளிரவுக்குள் கூரையோடு வீழ்த்தியது. கதவு சன்னல்களை அடைத்துக் காற்றைத் தடுத்து, வார்டு மணிக்கணக்கில் தீயை ஒடுக்கி வைத்திருந்தார். பதற்றத்தில் யாரோ ஒரு சன்னலைத் திறக்க, தீ மூண்டெழுந்தது. பல மொழிகளின் வார்த்த எழுத்துகளும், பெருந்தொகைக் காகிதமும், கேரி ஆண்டுக்கணக்கில் தொகுத்துவந்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் படியும், தெலுங்கு இலக்கணமும், ராமாயண மொழிபெயர்ப்பின் பகுதியும் எரிந்தன. இழப்பு ஏறத்தாழ 70,000 ரூபாய். ஆனால் அச்சுப்பொறிகள் தப்பின. சாம்பலைக் கிளறியபோது எஃகுக் கம்பிகளும் செப்புக் குழிகளும் சேதமின்றிக் கிடைத்தன. உருகிய ஈயத்தைத் திரட்டிச் சில நாட்களிலேயே வார்ப்பு தொடங்கியது. இங்கிலாந்தில் நன்கொடையாளர்கள் சில மாதங்களில் இழப்பை ஈடுகட்டினர்; அதுவரை சிலருக்கே தெரிந்திருந்த செராம்பூர், தீ விபத்தால்தான் அங்கே வீடுதோறும் பேச்சாயிற்று. மறு ஆண்டிலேயே, வேப்பேரியில் ஊழியம் செய்த ஃபெப்ரீஷியஸின் தமிழ்ப் புதிய ஏற்பாடு செராம்பூரில் அச்சாகித் தமிழ்நாட்டுக்கும் வந்தது. பொருளிழப்பைத் தாங்கும் வலிமையைப் பொதுக் குடும்பமும் அதன் வெளித்தொடர்புகளும் கொடுத்தன; மனிதர் இழப்பில் அந்த வலிமை அவ்வளவாகப் பயன்படவில்லை.

ஃபீலிக்ஸின் வாழ்வு அதற்குச் சான்று. வார்டிடம் அச்சுத்தொழில் கற்று, 1807-ல் பர்மாவுக்கு ஊழியராகச் சென்ற அவர், பர்மிய மொழிக்கு எழுதிய இலக்கணம் 1814-ல் செராம்பூரில் அச்சாயிற்று. அதே ஆண்டில் அரசனின் அழைப்பின்பேரில் அச்சுப்பொறியை ஏற்றிக்கொண்டு ஐராவதி ஆற்றில் ஆவா நகருக்குச் செல்கையில் படகு கவிழ்ந்து, மனைவியும் குழந்தைகளும் மூழ்கினர், பொறியும் போயிற்று. அரசன் அவரைத் தூதராக்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பியதும், மகன் ஊழியத்தை விட்டு அரசவைக்குப் போனதைத் தந்தை இறக்கமாகக் கருதியதும், பின்னர் தூதும் பறிபோய் அவர் வடகிழக்கு எல்லையில் ஆண்டுக்கணக்கில் அலைந்ததும் துயரக் கதைகள். 1818-ல் வார்டு அவரைக் கண்டு வீட்டுக்கு அழைத்துவந்தார். அதன்பின் எஞ்சிய நான்காண்டுகளில், வங்காளியில் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொடங்கி அதன் உடற்கூற்றுப் பகுதியை வெளியிட்டு, ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையையும் மொழிபெயர்த்து, நாற்பது வயதைத் தொடுமுன் 1822-ல் இறந்தார். மேலை மருத்துவச் சொற்களுக்கு வங்காளியில் ஈடு தேடிய அம்முயற்சி, தந்தையின் பல வேதாகமப் பதிப்புகளைவிடக் கூரிய மொழியுணர்வைக் காட்டுகிறது.

டாரத்தி இறந்த ஆறு மாதங்களுக்குள் கேரி, ஷார்லட் ரூமோர் என்னும் டேனியப் பிரபு குலப் பெண்ணை மணக்க முற்பட்டபோது, விரைவு தகாது என்று சகஊழியர் முணுமுணுத்தனர். நடக்க இயலாத அளவு உடல்நலம் குன்றிய ஷார்லட், பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவராய், 1821-ல் இறக்கும்வரை கேரியின் மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கத் துணைநின்றார். அவருக்குப்பின் கேரி மூன்றாம் மணமும் செய்தார். 1823-ல் வார்டு காலராவில் மறைந்தார்; அதே ஆண்டில் கேரி விழுந்து இடுப்பில் பலத்த அடிபட்டதும், ஹூக்ளி வெள்ளத்தில் வீடும் தோட்டமும் அழிவுற்றதும் ஒன்றையடுத்து ஒன்று நேர்ந்தன. வளாகம் யாருடைய சொத்து என்ற வழக்கில் தாய்ச்சங்கத்தோடு 1827-ல் பிரிவு ஏற்பட்டது. தங்களுக்கென ஒரு காசும் சேர்க்காதவர்கள் சொத்துச் சேர்த்தார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டனர். 1830 முதல் கல்கத்தாவின் வணிக நிறுவனங்கள் வரிசையாக நொடித்ததில் பள்ளிகளுக்கென வைத்த நிதியும் கரைந்தது.

1834 ஜூன் 9-ல் கேரி இறந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஈட்டிய சம்பளம் முழுவதையும் பொதுப்பெட்டியில் இட்டுவிட்டதால் அவருடைய உயிலில் பகிர்ந்தளிக்கப் பெரிதாக எதுவுமில்லை. சேகரித்த இயற்கைப் பொருள்களை மிஷன் நிறுவிய செராம்பூர்க் கல்லூரிக்கு அளித்து, தம் புத்தகங்களை விற்று, மற்ற மகன்கள் பெற்றதற்கு ஈடாக 1500 ரூபாயை மகன் ஜேபஸுக்குக் கொடுக்கும்படி அதில் எழுதியிருந்தார். 1793-ல் டாரத்தி கைக்குழந்தையாகக் கப்பலுக்குத் தூக்கிவந்த பிள்ளை அந்த ஜேபஸ்தான். தம்மை இரண்டாம் மனைவி ஷார்லட்டின் அருகில் அடக்கம் செய்யவேண்டும் என்றும் உயில் கேட்டுக்கொண்டது.