வில்லும் தணிப்பானும்: சம்மாந்துறை வீதிகளில் ஓர் உறுப்பின் வரலாறு

இலங்கையின் கிழக்கிலுள்ள சம்மாந்துறை என்னும் ஊரின் பெயர் ‘சம்பான் துறை’ என்பதன் மருவு என்பது அவ்வூரில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கம். தட்டையான அடிப்பாகமுடைய சம்பான் ஓடங்கள் நீர்வழியே வந்து கரைதட்டிய இடம் என்பது அதன் பொருள். இவ்விளக்கத்தை ஏற்பின், ஊரின் பழைய நினைவில் முதலில் நிற்பது தரைவழியன்று, நீர்வழியே. ஓடத்தில் ஏற்றிய நெல்மூட்டை அசையுமேயன்றிக் குலுங்குவதில்லை. குலுக்கல் என்னும் தொல்லையும், அதைத் தாங்கவும் தணிக்கவும் மனிதன் கண்டறிந்த உறுப்புகளும் சக்கரத்தோடு வந்தவை. பழைய ஜீப் ஒன்றின் ‘ஷொக்’கை, அதாவது ஷொக் அப்சோபரை, எப்போது மாற்றுவது என்று இன்று கராஜ்களில் எழும் கேள்விக்கு, சக்கரம் இந்த மண்ணில் உருண்டுவந்த பாதையை அறியாமல் முழுமையான விடை கிடைப்பதில்லை.

கிழக்கில் ‘வட்டை’ என்றால் பல வயல்கள் சேர்ந்த நெற்பரப்பு. தச்சரின் சொல்வழக்கிலோ வண்டிச் சக்கரத்தின் வெளிவளைவுக்கும் அதுவே பெயர். இரண்டு வட்டைகளும் அறுவடைக் காலத்தில் ஒன்றையொன்று சந்தித்தன. போடியார் எனப்பட்ட நிலவுடைமையாளரின் களத்திலிருந்து ஊருக்கு நெல் கொண்டுவந்த மாட்டு வண்டிலில் குடம், ஆரக்கால், வட்டை, அதன்மேல் காய்ச்சி ஏற்றித் தண்ணீர் ஊற்றி இறுக்கிய இரும்புப் பட்டம் ஆகியவை இருந்தன. ஆனால் அச்சுக்கும் மேற்தட்டுக்கும் இடையே நெகிழும் பொருள் எதுவும் இல்லை. அதனால் வண்டிலில் ஆட்களை ஏற்றும்போது தடித்த வைக்கோற் படுக்கை ஒன்றை முதலில் விரித்தார்கள். அந்த வைக்கோலையே இப்பகுதியின் முதல் அதிர்வு தாங்கி எனலாம். நசுங்கியதும் மாற்றிவிட வேண்டும் என்பதும் எவரும் சொல்லித்தர வேண்டியிராத விதியாக இருந்தது.

தமிழகத்திலும் கேரளத்திலும் வசதி படைத்தோர் ஏறிய வில்வண்டி, பெயரிலேயே தன் சிறப்பைத் தாங்கி நின்றது. எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வில்போல் வளைத்து அச்சின்மேல் பொருத்திய அமைப்பே அந்த ‘வில்’. 1893இல் சமூகச் சீர்திருத்தவாதி அய்யன்காளி திருவிதாங்கூரின் பொதுவீதியில் வில்வண்டி ஓட்டிச் சென்று சாதித்தடையை மீறியபோது, குலுங்காமல் பயணம் செய்வதும் ஒரு சமூக உரிமையாகவே எண்ணப்பட்டிருந்தது என்பது வெளிப்பட்டது.

வில் அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் அதை விழுங்காது. பள்ளத்தில் விழுந்த சக்கரம் வில்லை அமுக்க, வில் தான் வாங்கிய விசையைத் திருப்பிக் கொடுக்க, வண்டி மீண்டும் மீண்டும் மேலும் கீழும் ஆடும். இங்கிலாந்தில் 1804இல் ஒபதையா எலியட் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்ற காலத்தில், குதிரை வண்டியின் வேகத்தில், இந்த ஆட்டம் பொறுக்கத்தக்கதாகவே இருந்தது. மோட்டார் வாகனம் வேகத்தைக் கூட்டியதும் அது ஆபத்தாயிற்று. பிரான்சின் த்ருஃபோ, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உராய்வைக் கொண்டு ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முயன்றார்கள். பின்னர் ஹூதாய் என்னும் பிரெஞ்சுக்காரர் எண்ணெயைக் கொண்டு அதே வேலையைச் செய்தார். இன்று எல்லோரும் அறிந்த குழாய் வடிவ ஷொக் அப்சோபரின் உட்பொருள் எளிது: எண்ணெய் நிரம்பிய உருளைக்குள் சிறு துளைகளும் அடைப்பிதழ்களும் உள்ள பிஸ்டன் ஒன்று ஏறி இறங்குகிறது, எண்ணெய் துளை வழியே நெருக்கிக்கொண்டு செல்லும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றில் கலக்கிறது. அதிர்ச்சியைத் தாங்குவது வில்லே. இந்தக் குழாய் ஆட்டத்தைத் தணிக்கிறது. ஆகவே ‘அதிர்ச்சி தாங்கி’ என்பதைவிட ‘தணிப்பான்’ என்பதே பொருத்தமான தமிழ்.

பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் அணை கட்டும் கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியபோது, அமெரிக்க நிறுவனமான மொரிசன்–நட்சன் கொண்டுவந்த பெரும் இயந்திரங்கள் சம்மாந்துறைப் பகுதியின் தரைவழியை மாற்றின. வாய்க்கால் ஓரங்களில் கிரவல் வீதிகள் போடப்பட்டன. பொறியியலாளரும் அலுவலரும் அவற்றில் ஜீப்புகளிலும் லாண்ட் ரோவர்களிலும் திரிந்தார்கள். இலங்கையில் நான்கு சக்கரமும் இழுக்கும் உயரமான வாகனம் எதுவாயினும் ‘ஜீப்’ என்றே அழைக்கப்படுவது அந்தக் காலத்து எச்சம். பிரித்தானியத் தயாரிப்பான ‘லாண்ட்மாஸ்டர்’ என்னும் பெயர் இரு சக்கர உழவு இயந்திரம் அனைத்துக்கும் பொதுப்பெயரானதும் இதே வகையானது.

1948இல் வெளிவந்த லாண்ட் ரோவரும் அதற்கு முந்திய போர்க்கால வில்லிஸ் ஜீப்பும் தகட்டு வில்களின்மேல் நின்றன. கூடவே எண்ணெய்த் தணிப்பான்களையும் கொண்டிருந்தன. இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அடுக்கிய தகடுகள் வளையும்போது ஒன்றோடொன்று உராய்வதால், தகட்டு வில் தன் ஆட்டத்தைத் தானே ஓரளவு அடக்கிக்கொள்ளும். அதனால் தணிப்பான் செத்துப்போனாலும் வாகனம் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் அதை உணரவில்லை. மாறாக, தகடு முறிந்தால் ஓசை கேட்டது, வாகனம் ஒரு பக்கம் சாய்ந்தது, பழுது கண்ணுக்குத் தெரிந்தது. கொல்லுப்பட்டறையில் தகட்டைக் காய்ச்சி மீண்டும் வளைத்துக்கொள்ளவும் முடிந்தது. ‘உடைந்தால் மாற்று’ என்னும் பழக்கம் இவ்வாறு வண்டிற் காலத்திலிருந்து ஜீப் காலத்துக்குத் தடையின்றி வந்து சேர்ந்தது. இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்ட 1977க்கு முந்திய ஆண்டுகளில் அந்தப் பழக்கம் சிக்கனம் என்றும் போற்றப்பட்டது.

பழக்கம் பிழைபட்டது சுருள் வில்லின் வருகையால். 1990களில் பின்பக்கம் சுருள் வில் கொண்ட பஜேரோ, முன்னும் பின்னும் சுருள் கொண்ட லாண்ட் குறூசர் ஆகியவை இலங்கை வீதிகளில் பெருகின. சுருளுக்கு உராய்வு இல்லை. ஆட்டத்தை அடக்கும் பொறுப்பு முழுவதும் தணிப்பானின் தலையில் விழுந்தது. தணிப்பானோ ஓசையின்றித் தேய்வது. நாளுக்கு நாள் ஏற்படும் மாற்றம் சிறிதாக இருப்பதால், பழைய வாகனத்தை நாள்தோறும் ஓட்டுபவரே அதைக் கடைசியாக அறிகிறார். தகட்டு வில்லில் பழகிய தலைமுறை சுருள் வில் வாகனத்திலும் முறிவின் ஓசைக்காகக் காத்திருந்தது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டம் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. சாய்ந்தமருதும் மருதமுனையும் காரைதீவும் சிதைந்தன. நிவாரணப் பணிக்கு வந்த அமைப்புகளோடு நான்கு சக்கரமும் இழுக்கும் உயரமான வாகனங்களும் இக்கரைக்கு வந்து குவிந்தன. அவை ஓடியவை நல்ல வீதிகள் அல்ல. மாரிகாலத்தில் கிட்டங்கித் தாம்போதி நீருள் மூழ்குவது ஆண்டுதோறும் நிகழ்வது. காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையிலான மாவடிப்பள்ளி வீதியில் 2024 நவம்பர் வெள்ளம் உழவு இயந்திரத்தில் சென்ற மதரசா மாணவர்களை அடித்துச் சென்ற துயரம் இன்னும் ஆறவில்லை. வெள்ளம் வடிந்தபின் வீதியில் எஞ்சும் குழிகளும், அறுவடையில் நெல் ஏற்றிய லொறிகள் அவற்றை ஆழமாக்குவதும், கடற்காற்றின் உப்பு தணிப்பானின் தண்டில் துருப்புள்ளிகளை உண்டாக்க அப்புள்ளிகள் எண்ணெய் காக்கும் இறப்பர் வளையத்தை அரம்போல் அராவுவதும் ஒரே தொடரின் கண்ணிகள்.

தயாரிப்பு நிறுவனங்கள் ஏறத்தாழ 80,000 கிலோமீற்றரில் தணிப்பானைச் சோதித்து மாற்றச் சொல்வது மென்மையான வீதிகளை மனத்திற்கொண்ட கணக்கு. வட்டை வீதிகளில் அந்த எண் பெரிதும் குறையும். ஆகவே ‘பாஸ்’மார் எனப்படும் அனுபவமுள்ள கராஜ்காரர்கள் மீற்றரைவிடக் குழாயையே நம்புகிறார்கள். குழாயின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. ஆனால் நெற்தூசும் உமியும் ஒட்டிக் கறுத்த சேறாகப் படிந்திருந்தால் எண்ணெய் கசிந்திருக்கிறது. டயரைக் கையால் தடவும்போது மேடும் பள்ளமுமாக அலையலையாகத் தட்டுப்பட்டால், சக்கரம் வீதியை விட்டுத் துள்ளித் துள்ளி விழுந்திருக்கிறது. பிறேக் அடிக்கும்போது மூக்கு தாழ்வதும், வளைவில் உடல் சாய்ந்து திரும்பத் தாமதிப்பதும் மற்றைய குறிகள். பொனட்டை அமுக்கி விட்டுத் துள்ளலை எண்ணும் பழைய சோதனை, வில் கடினமான பெரிய ஜீப்பில் அவ்வளவாகப் பலிப்பதில்லை. அதைவிட நுட்பமான சோதனை ஒன்று உண்டு: கரடுமுரடான வீதியில் சிறிது தூரம் ஓட்டிவந்து நிறுத்தியதும் நான்கு குழாய்களையும் கவனமாகத் தொட்டுப் பார்ப்பது. உழைத்த குழாய் சூடாக இருக்கும். மற்றவற்றைவிடக் குளிர்ந்திருக்கும் குழாய் வேலையை நிறுத்திவிட்டது. அதை மாற்றும்போது அதே அச்சிலுள்ள இணையையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஒருபுறம் புதிதும் மறுபுறம் பழையதுமாக இருப்பின் பிறேக்கிலும் வளைவிலும் வாகனம் இருபுறமும் ஒன்றுபோல நடந்துகொள்ளாது.

2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடை, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடையில் 2022இல் ரூபாயும் வீழ்ந்தது. இருபது, முப்பது ஆண்டுப் பஜேரோக்களும் பிராடோக்களும் அதனால் ஓய்வுபெறாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. புதிய ஷொக்கின் விலைக்கு அஞ்சுவோர் கொழும்பின் பஞ்சிகாவத்தையிலிருந்து ஜப்பானில் கழற்றிய ‘ரீகண்டிஷன்’ உறுப்பை வருவிக்கிறார்கள். அத்தகைய உறுப்பை வாங்குபவர் அதை நிமிர்த்திப் பிடித்துத் தண்டை முழுதாக அமுக்கி இழுத்துப் பார்க்கிறார். தொடக்கம் முதல் இறுதிவரை தடை ஒரே சீராக இருந்தால் ஏற்கிறார், நடுவில் ஓரிடத்தில் கை சட்டென்று வழுக்கினால் மேசையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார்.