இருகை கொள்ளும் அளவு: கௌபன் என்னும் சொல்லும் ஆலைக் கூலியும்

ஆங்கிலத்தில் உடலுறுப்புகளின் வழிப் பிறந்த அளவைப் பெயர்களை, வரையறையற்ற நாட்டுப்புற அளவுகள் என ஒரே தொகுதியாகக் கொள்வது வழக்கம். ஆனால் அச்சொற்களின் வரலாறு ஒரே போக்கில் அமையவில்லை.

சிலவற்றிற்கு எண் கிடைத்தது. அவை உடலை விட்டு நீங்கின. விரித்த கைகளைக் குறித்த ஃபேதம் 6 அடி எனக் கடலாழ அளவாயிற்று. குதிரையின் உயரத்தைச் சுட்டும் ஹேண்ட் 4 அங்குலமாக நிலைத்தது. எல் என்பது முன்கையைக் குறித்த சொல். முழங்கையைக் குறிக்கும் எல்போ, அந்த எல் வளையும் இடம் என்னும் பொருளுடையது. துணி வணிகத்திலோ இங்கிலாந்தின் எல் 45 அங்குலம், ஃபிளாண்டர்ஸின் எல் 27 அங்குலம். 45 அங்குல முன்கை எவருக்கும் இல்லை! முட்டியாக மடக்கிக் கட்டைவிரலை நீட்டிய கையின் அளவான ஷாஃப்ட்மென்ட், ஏறத்தாழ 6 அங்குலம், இன்று அகராதிகளில் மட்டுமே காணப்படுகிறது.

கௌபன் இவற்றினின்று வேறுபட்டது. பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஸ்காட்ஸ் மொழிக்கு வந்த இச்சொல், இரு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவித்தால் கொள்ளும் அளவைக் குறிக்கும். ஆங்கில வட்டார வழக்கில் இதற்கு யெப்சன் என்று பெயர். யெப்சன் வீட்டளவில் நின்றுவிட, கௌபன் சட்ட நூலுக்குள் சென்றது. ஸ்காட்லாந்தில் தெர்லேஜ் என்னும் முறைப்படி, குறிப்பிட்ட நிலங்களின் உழவர்கள் குறிப்பிட்ட ஆலையிலேயே தானியத்தை அரைக்கக் கடமைப்பட்டிருந்தனர். தானியத்தில் ஒரு பங்கு ஆலை உரிமையாளருக்குச் சென்றது. அதற்கு மேல் ஆலைப் பணியாளருக்குரிய சிறு வரும்படிகள் இருந்தன. அவற்றுள் ஒற்றைக் கைப்பிடியான லாக்கும் இருகை அளவான கௌபனும் அடங்கும். ஜான் எர்ஸ்கின் எழுதி 1773இல் வெளிவந்த ஸ்காட்லாந்துச் சட்டநூல் இவ்வரும்படிகளைப் பெயர் சுட்டிக் கூறுகிறது.

ஆகவே இங்குக் கையளவு என்பது தோராயமான பேச்சன்று. ஒருவருக்கு ஊதியம், மற்றொருவருக்குக் கடன். யாருடைய கை, எவ்வளவு குவித்த கை என்பதைச் சொல் தன்னளவில் வரையறுப்பதில்லை. குறுகிய கையும் அகன்ற கையும் ஒரே பெயரால் வெவ்வேறு அளவு அள்ளும். அவ்வேறுபாடு உழவரின் மாவிலிருந்தே போகும். இந்நெகிழ்ச்சியைப் பழமையின் எளிமை என்று வியப்பதை விட, இரு தரப்பும் எதிரெதிரே நின்று தீர்த்துக்கொள்ள வேண்டிய இடமாகக் காண்பதே பொருந்தும்.

தெர்லேஜ் கடமைகளை ஆண்டுத் தொகையாக மாற்றிக்கொள்ள 1799ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 1824ஆம் ஆண்டு எடையளவைச் சட்டம் வகுத்த அலகுகளுள் கௌபன் இடம்பெறவில்லை. ஸ்காட்ஸ் பேச்சில் மட்டும், இரு கை நிறைய என்னும் பொருளில், அது தொடர்ந்தது.