செல்லாச் சீட்டின் விலை

போருக்குப் பொருள் வேண்டும். அப்பொருளுக்கும் காவல் வேண்டும். இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபின், அயல்நாடுகளில் தங்கிய அமெரிக்கப் படைவீரரிடையே கள்ளச் சந்தையில் டாலரைக் கைமாற்றும் வழக்கம் பெருகிற்று. அதனைத் தடுக்கவே 1946-இல் அந்நாட்டுப் படைத்துறை தனிச் சம்பளச் சீட்டுகளை வெளியிட்டது. ஐந்து சென்ட்டுக்கும் தாளே. 1973 வரை 13 வரிசைகள் புழங்கின.

வரிசை மாறும் நாள் மறைபொருளாகவே காக்கப்பெறும். அன்று பாசறை வாயில்கள் அடைபடும். உரிமை பெற்றோர் மட்டும் பழைய சீட்டைக் கொடுத்துப் புதியது பெறுவர். மறுநாள் பழையது வெறுங்காகிதம். 2016 நவம்பர் 8 இரவை நாம் அறிவோம். நமக்கேனும் வங்கி வாயிலும், சில வாரங்கள் இரயில் நிலையப் பயணச்சீட்டுச் சாளரமும் திறந்திருந்தன. வியட்நாமின் சலவைத் தொழிலாளிக்கும் கடைக்காரருக்கும் அச்சீட்டை வைத்திருக்கும் உரிமையே இல்லை. ஆதலின் அவர் கையிற்சேர்ந்த கூலி, அடைபட்ட வாயிலின் வெளியே மதிப்பிழந்தது.

இன்று அவற்றைச் சேகரிப்போர் பலர். பெருந்தொகைச் சீட்டுகளை மாற்றாமல் விட்டோர் சிலரே; ஆகவே அவை அரியன. மடிப்பில்லாதவை சில வரிசைகளில் நூற்றுக்கணக்கான டாலர் பெறும். சிறுதொகைச் சீட்டுகள் நினைவுப்பொருளாய்ப் பலரிடம் தங்கின, ஆகவே மலிவு. வரிசை எண்ணின் இறுதியில் எழுத்தில்லாதது, பழுதுற்ற தாளுக்கு மாற்றாக அச்சிட்டது. அதற்கு விலை மிகுதி.

நாள் கடந்த சீட்டுகளை யான் அலுவலகத்தில் அன்றாடம் காண்கிறேன். பயணம் முடிந்தபின் செல்லாதது வேறு. உழைத்தவன் உண்ணுமுன் செல்லாதது வேறு. விலை கேட்குங்கால் இதனையும் எண்ணுதல் நன்று.