பெங்களூரு மனிதர்கள் – 17: மாஸ்தியும் குடகின் கடைசி ராஜாவும்

1943இல் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் மைசூர் அரசுப் பணியை உதறிய கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தோம். அமைச்சருக்கு இணையான பதவி தமக்கே வர வேண்டியது என்று அவர் நம்பினார். அது பணியில் அவருக்கு இளையவர் ஒருவருக்குப் போனது. மாஸ்தி ராஜினாமா செய்தார்.

வீட்டில் தமிழ், எழுத்தில் கன்னடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்து, 1914இல் உதவிக் கமிஷனராகச் சேர்ந்தவர். மாவட்ட நிர்வாகம், கலால் துறை என்று உயர்ந்துகொண்டே, ‘ஸ்ரீநிவாச’ என்ற பெயரில் சிறுகதைகளும் எழுதிவந்தார்.

அந்த ராஜினாமாவைப் புரிந்துகொள்ள, 13 ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய ‘சிக்கவீர ராஜேந்திர’ நாவலுக்குப் போகத்தான் வேண்டும். 1834இல் ஆங்கிலேயரிடம் குடகை இழந்த ராஜாவின் கதை அது.

மடிக்கேரி அரண்மனையில் ராஜாவுக்குக் குடியும் கொடுமையும்தான் பொழுது. பக்கத்திலேயே ராஜாவின் கையாள் நொண்டி பசவன். ராணி கௌரம்மா மட்டும் குலையாமல் நிற்கிறாள். நாவலின் உண்மையான நாயகி அவள்தான். ஆனால் கதையின் பாரத்தைச் சுமப்பவர்கள் லட்சுமிநாராயணய்யா, போப்பண்ணா என்ற இரு அமைச்சர்கள். உப்பிட்டவனுக்கு விசுவாசமாக இருப்பதா, அவனிடம் சிக்கிய ஜனங்களைக் காப்பதா? கடைசியில் போப்பண்ணா கிழக்கிந்தியக் கும்பினிப் படைக்கு வழிவிடுகிறார்.

அவரைத் துரோகி என்று ஒதுக்குவது சுலபம். மாஸ்தி அப்படி ஒதுக்கவில்லை. அதுதான் சரியும்கூட. மக்களைக் காக்காத அரசனுக்குக் காட்டும் விசுவாசத்தில் என்ன பெருமை இருக்கிறது? மேலே ஆள்பவருக்கும் கீழே ஜனங்களுக்கும் நடுவில் கால் நூற்றாண்டுக்கு மேல் உத்தியோகம் பார்த்தவருக்கே அமைச்சர்களின் அந்தத் தவிப்பு இவ்வளவு நெருக்கமாகப் பிடிபடும். கச்சேரி பார்க்காத எழுத்தாளர் என்றால் ராஜாவின் லீலைகளோடு நாவல் முடிந்திருக்கும்.

நிஜ ராஜா காசியில் வைக்கப்பட்டு, பிறகு லண்டன் போய், இழந்த பணத்துக்காகக் கும்பினி மீதே வழக்குப் போட்டார். 1859இல் அங்கேயே இறந்தார். 1852இல் அவர் மகளுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது ஞானத்தாயாக நின்றவர் விக்டோரியா மகாராணி.

இந்த நாவலுக்குத்தான் மாஸ்திக்கு 1983ஆம் ஆண்டின் ஞானபீடம். ராஜினாமாவுக்கு மறு ஆண்டே அவர் ‘ஜீவன’ பத்திரிகையைக் கையில் எடுத்தது அடுத்த இதழில்.