கோயிலைக் காணோம்

2003-ல் பெங்களூர் வந்த புதிது. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். அப்பா திருநெல்வேலியிலிருந்து இரண்டு நோட்டு கொடுத்தனுப்பினார். முப்பது வருஷமாக அவர் எழுதிவைத்த பழமொழிகள். "எழுத்து வாரியாப் பிரிச்சு அச்சடிச்சுக் குடுடா" என்றார். ராத்திரிகளில் உட்கார்ந்து திஸ்கியில் தட்டிவிட்டேன். பிரிப்பதுதானே, ரெகுலர் எக்ஸ்பிரஷன் இருக்கிறதே என்று ஒரு தெனாவட்டு.

இங்கே கொஞ்சம் சரித்திரம். 1951-ல் ஸ்டீபன் கிளீனி என்ற கணித அறிஞர் நரம்பு வலைகளைப் பற்றி எழுதியபோது போட்ட விதை அது. 1968-ல் கென் தாம்ஸன் அதை எழுத்தைத் தேடும் கருவியாக்கினார். அப்புறம் யூனிக்ஸில் 'எட்' எடிட்டர், 1973-ல் 'கிரெப்'. எட் வரிவரியாகப் பார்க்கும். அதனால் தொப்பி மாதிரி இருக்கும் ^ குறிக்கு 'வரியின் ஆரம்பம்' என்று அர்த்தம். 1987-ல் வந்த பெர்லுக்கோ அது மொத்தச் சரத்தின் ஆரம்பம். ஒவ்வொரு வரிக்கும் வேண்டுமென்றால் தனியாகச் சொல்லவேண்டும்.

நானும் பெர்லில் ^க என்று போட்டு, வந்ததை அச்சடித்து அனுப்பினேன். அப்பா போனில் கேட்ட முதல் கேள்வி: "கோயில் எங்கடா? குரங்கையும் காணோமே?"

காரணம் திஸ்கி. அது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமிக்கும். 'கோ' என்றால் முதலில் இரட்டைக்கொம்பு, அப்புறம் க, கடைசியில் கால். 'கு'வுக்கோ தனி எண். ஆக ^க போட்டால் க, கா, கி, கீ மட்டும்தான் சிக்கும். கெ, கே, கை, கொ எல்லாம் அம்பேல்.

1991-ல் வந்த யூனிக்கோடு, 1988-ன் இஸ்கியைப் பின்பற்றி, மெய்யை முன்னால் வைத்து உயிர்க்குறியைப் பின்னால் வைத்தது. அதில் ^க போட்டால் க முதல் கௌ வரை அத்தனையும் வரும். வெறும் 'க' மட்டும் வேண்டுமென்றால், பின்னால் உயிர்க்குறி வரக்கூடாது என்று சேர்த்துச் சொல்லவேண்டும்.

சில வருஷம் கழித்து, எல்லாவற்றையும் யூனிக்கோடுக்கு மாற்றி மறுபடி ஓட்டினேன். கோயில் வந்தது, குரங்கும் வந்தது. பார்க்க அப்பா இல்லை. முந்தின வருஷமே போய்விட்டார்.

ஊருக்குப் போனபோது அவர் பெட்டியில் என் பழைய பிரதி இருந்தது. விட்டுப்போன பழமொழி ஒவ்வொன்றையும் பக்க ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தார், அகரவரிசை பிசகாமல்.

உங்களிடமும் பழைய திஸ்கிக் கோப்பு கிடக்கும் மக்களே. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.